விடுபட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு

மார்ச் 4

சுண்டு,

பதினாலு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சமாதானமாகப் போக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கூட ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன், பார். இன்னும் இரண்டு ஆம்புலன்ஸ் நிலையங்களை மூடப் போகிறார்களாம். இரண்டும் மேட்டுப் பகுதி. 'மூன்றாம் நிலையம் குறித்து முன்பு நடத்தப்பட்ட புள்ளியியல் ஆய்வின் அடிப்படையில்' என்று போட்டிருக்கிறான். அது யார் செய்த ஆய்வு என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்றாம் நிலையத்தை மூடியதும் என்னைத் தூக்கி இங்கே போட்டார்கள். டிப்போவுக்குப் பின்னால் வீடு. ஜன்னலைத் திறந்தால் பழைய டயர் அடுக்கு. உன் அண்ணி தையல் வகுப்பை மூடிவிட்டு என்னோடு வந்தாள். அதற்காக என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. இங்கே என் பெயர் ஹாரன். எதற்கெடுத்தாலும் அடிக்கிறேனாம்.

கேட்க வந்தது ஒன்றுதான். மேட்டுச் சாலையில் ஒரு கிலோமீட்டர் கூடினால் வண்டிக்கு ஒரு நிமிஷம்தான் கூடும் என்று அறிக்கையில் எழுதினாயே, அதை எங்கிருந்து எடுத்தாய்? அந்தச் சாலையில் பதினோரு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். அந்தக் கணக்குப்படி நான் பறந்திருக்க வேண்டும்.

பதில் எழுது. பெரிய வார்த்தை போட்டு மழுப்பாதே.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அண்ணிக்குத்தான் ஏதோ என்று பயந்துபோய்ப் பிரித்தேன். உள்ளே பார்த்தால் விசாரணை.

மழுப்பாமல் சொல்கிறேன். சுகாதாரத் துறை நான்கு நிலையங்களின் பயணத் தாள்களை எனக்குக் கொடுத்தது. மொத்தம் 3183 பயணங்கள். கூப்பிட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், தூரம், சாலை எப்படிப்பட்டது, எல்லாம் அதில் இருந்தன. அவற்றை வைத்து ஆர் என்கிற மென்பொருளில் ஒரு மாதிரியைப் பொருத்தினேன். எது எவ்வளவு நேரத்தைக் கூட்டுகிறது என்று அது சொல்லும். மேட்டுச் சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1.1 நிமிஷம் என்று சொன்னது. மூன்றாம் நிலையத்தை மூடினால் சராசரியாக நான்கு கிலோமீட்டர் கூடும். அதாவது நாலரை நிமிஷம். முடிவெடுத்தது நானில்லை. எண்ணைச் சொன்னவள் மட்டும்தான்.

இன்னொன்று. என் அண்ணன் மூன்றாம் நிலையத்தில் ஓட்டுநர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். பரவாயில்லை என்றார்கள். உனக்குச் சாதகமாக எதையும் செய்துவிடக் கூடாது என்று உன் நிலையத்தின் பதிவுகளை நான் தனியாகத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அவ்வளவு கவனமாக இருந்தேன். அதற்குக் கிடைத்தது பதினாலு மாத மௌனம்.

இப்போது பயணத் தாள் எதுவும் என்னிடம் இல்லை. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம், அழித்துவிட்டேன். பொருத்திய மாதிரி மட்டும் ஒரு கோப்பாக இருக்கிறது. அதற்குள் கெழுக்கள், அதாவது எது எவ்வளவு கூட்டுகிறது என்ற எண்கள், இருக்கும், எச்சங்கள் இருக்கும், எந்தக் கட்டளையால் செய்தேன் என்ற வரியும் இருக்கும். திறந்து பார்த்து என்ன ஆகப் போகிறது? மே மாதம் எனக்கு அந்தத் துறையிலேயே நிரந்தர வேலை கிடைக்கும் போலிருக்கிறது. இந்த நேரத்தில் உன் கோபத்துக்காகப் பழைய கோப்பைக் கிளற எனக்கு மனமில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ எழுதியதைச் சொல்லவில்லை.

தங்கை


மார்ச் 16

சுண்டு,

எச்சம் என்றால் என் வண்டிக் கூரையில் காக்காய் போடுவது. உன் கோப்புக்குள் அது எதற்கு?

விளையாட்டு இருக்கட்டும். இங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறான். இன்ஜினை இறக்காமல் கோளாறு சொல்ல மாட்டான். நீ இறக்கவே மாட்டேன் என்கிறாய். கோளாறு இல்லையென்றால் திறப்பதற்கு என்ன பயம்?

அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

திறந்தேன்.

ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், நிறுத்தினால் எழுத மாட்டேன். இந்த மூன்று நாளாக அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், திரும்பி வந்து அதே திரையைப் பார்க்கிறேன், மறுபடி எழுந்துகொள்கிறேன்.

மாதிரி எத்தனை பதிவுகளைப் பயன்படுத்தியது என்று கேட்க nobs என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினேன். 2871 என்றது. நான் அறிக்கையில் எழுதியது 3183. தட்டச்சுப் பிழை என்று மறுபடி தட்டினேன். 2871.

312 பயணங்கள் காணோம்.

ஒரு பதிவில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆர் அந்தப் பதிவையே எடுத்துப் போட்டுவிடும். கேட்காது, நிறுத்தாது. முழுச் சுருக்கத்தை அச்சிட்டால் கடைசியில் ஒரு வரியில், அடைப்புக்குறிக்குள், இத்தனை நீக்கப்பட்டன என்று சொல்லும். நான் சுருக்கத்தை அச்சிடவே இல்லை அண்ணா. coef என்று தட்டிக் கெழுக்களை மட்டும் உருவி, நேராக அறிக்கையின் அட்டவணைக்குள் ஒட்டினேன். அட்டவணை அழகாக இருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

நீக்கியவற்றின் விவரங்கள் மாதிரிக்குள் இல்லை. ஆனால் na.action என்று ஓர் இடத்தில் அவற்றின் பெயர்களை மட்டும் அது வைத்திருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் பயணத் தாளின் எண்ணையே பெயராக வைத்திருந்தேன். முதல் இலக்கம் நிலையம். முந்நூற்றுப் பன்னிரண்டும் வரிசையாக வந்து நின்றன. எண்ணினேன். மற்ற மூன்று நிலையங்களும் சேர்ந்து 71. உன் நிலையம் 241. மூன்றாம் நிலையத்தின் மொத்தப் பயணங்களே 640.

இத்தனையும் எதனால் விழுந்தன என்றால், போய்ச் சேர்ந்த நேரம் காலி. வேறெதுவாகவும் இருக்க முடியாது. மற்ற கட்டங்களை அப்போதே நான் சரிபார்த்தேன், அவை நிரம்பியிருந்தன. இந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் விட்டேன்.

241 எண்களையும் அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், நான்கு தாள். எந்தப் பயணங்கள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? உங்கள் நிலையத்தில் மட்டும் ஏன் நேரத்தை எழுதவில்லை?

சுண்டு


ஏப்ரல் 6

அண்ணா,

இரண்டு வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் தெருமுனைக்கு வரும்போதே நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். "உங்களுக்கு இல்லம்மா" என்று கையை விரிக்கிறார்.

மார்ச் 4-ஆம் தேதி அவ்வளவு வேகமாகக் கேட்டவன் இப்போது ஏன் வாயை மூடிக்கொண்டாய்? அந்த நான்கு தாளில் ஏதோ இருக்கிறது. சொல்லிவிடு.

சுண்டு


ஏப்ரல் 9

சுண்டு,

உன் நான்கு தாளையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்தேன். உன் அண்ணி வந்து பார்த்தாள். "என்ன இது, லாட்டரி நம்பரா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

எண்ணைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வரவில்லை. சில வந்தன.

3-0088. தராசு பழுது பார்ப்பவர், கூரையிலிருந்து விழுந்தவர். முப்பத்து நாலு நிமிஷம் ஆனது. வலியோடு, கண்ணாடி உடைந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிழைத்தார்.

3-0131. வண்டியிலேயே பிரசவம், இரட்டை. நர்ஸுக்குக் கை ஒழியவில்லை, நேரம் எழுத யார் இருந்தார்கள்? அது உண்மையான காலி. அந்த மாதிரி இருபது முப்பது இருக்கும்.

3-0047. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். குவாரிக்கு மேலே உள்ள குடியிருப்பு. பகல் பதினோரு மணி. நாற்பத்தொரு நிமிஷம். நாங்கள் போனபோது அந்த ஆள் வாசலில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. அவர் மகள் என்னைத் திட்டவில்லை. "நாலு தடவை போன் பண்ணேங்க" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது நர்ஸ் தாளை எடுத்தாள். அந்த மாதம்தான் புதிதாக ஓர் உத்தரவு வந்திருந்தது, இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் ஓட்டுநருக்கு மெமோ. மூன்று மெமோ வந்தால் இடமாற்றம். எனக்கு ஏற்கெனவே இரண்டு. "எத்தனை போடட்டும்?" என்று கேட்டாள். பொய் எழுத மனசு வரவில்லை. "விடு, காலியா விடு" என்றேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த தரம் அவளே காலியாக விட்டாள். மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் பார்த்துவிட்டு அப்படியே செய்தார்கள். சீக்கிரம் போனால் எழுதுவோம், தாமதமானால் எழுத மாட்டோம். யாரையும் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதாதது பொய்யாகுமா?

இடமாற்றத்துக்குப் பயந்து செய்தேன். இடமாற்றமாகித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதினாலு மாசமா அவளைத் திட்டினீங்களே" என்றாள். மறுபடி அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

உனக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் உன்னை மட்டும் திட்டியிருந்தேன். இரண்டாவதில் என்னை மட்டும். இரண்டுமே சரியில்லை.

நீ கேட்டாயே, எழுதாதது பொய்யாகுமா என்று. மேட்டுச் சாலையில் சீக்கிரம் போன பயணங்கள் மட்டும் எனக்கு வந்தன. தாமதமானவை எல்லாம் காலி. காலியை மென்பொருள் தள்ளிவிட்டது. தள்ளியதை நான் பார்க்கவில்லை. அதனால் என் எண்ணுக்கு அந்த மேடு ஒரு சமவெளி. குவாரிக்கு மேலே நாற்காலியில் இருந்தாரே, அவர் என் கணக்கில் செத்துப்போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. உன் மேல் ஆத்திரமாக வருகிறது. உடனே, ஒரு சொல், ஒரே ஒரு கட்டளை, அதைத் தட்ட உனக்குச் சோம்பலா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சோம்பல் இல்லை அண்ணா. உன் நிலையத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்ற வீம்பு.

இந்த எண்ணை வைத்துத்தான் இன்னும் இரண்டை மூடப் போகிறார்கள். ஜூன் முதல் வாரம் கூட்டம். அதற்குள் துறைக்கு எழுத வேண்டும். வெறும் சந்தேகம் என்று எழுதினால் குப்பைத் தொட்டிக்குப் போகும். உண்மையான நேரங்கள் வேண்டும். வேறெங்காவது பதிவு இருக்குமா? யோசித்துப் பார்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பயன்படுத்திய 2871 பதிவுகளும் மாதிரிக் கோப்புக்குள் அப்படியே இருக்கின்றன. பொருத்தும்போதே ஒரு நகலை அது தனக்குள் வைத்துக்கொள்கிறது. தரவை முழுவதும் அழித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். அழித்ததாகத்தான் நம்பினேன். இப்போது அதை வைத்துத்தான் மறுபடி கணக்குப் போட முடியும். போட்டால் நான் ஒப்பந்தத்தை மீறியது வெளியே வரும்.

நிரந்தர வேலைக்கான மருத்துவப் பரிசோதனைச் சீட்டு நேற்றுதான் வந்தது. மேஜை மேலேயே கிடக்கிறது.

சுண்டு


ஏப்ரல் 27

சுண்டு,

லாக் புக்.

கூப்பிட்டதும் கிளம்பும்போதும், வண்டி எங்கே நின்றாலும், பயணத் தாளின் எண்ணைப் போட்டுக் கிலோமீட்டரும் மணியும் எழுதுவோம், அது தனிப் புத்தகம். பயணத் தாள் சுகாதாரத் துறைக்குப் போகும், லாக் புக் பணிமனைக்குப் போகும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். பணிமனையில் யாரும் சீக்கிரமா தாமதமா என்று பார்க்கப் போவதில்லை, அதனால் அதில் உண்மையைத்தான் எழுதினோம்.

நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பணிமனைக் காப்பாளர் என்னோடு ஓட்டுநராகச் சேர்ந்தவர். "எதுக்குய்யா பழைய குப்பை?" என்றார். "என் தப்பைத் தேடுறேன்" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். தகரக் கொட்டகை, பேட்டரி நாற்றம். உன் அண்ணியும் கூட வந்தாள். நான் எண்ணைச் சொல்வேன், அவள் அந்த வரியைத் தேடித் தூரத்தையும் நேரத்தையும் எழுதிக்கொள்வாள். 241-இல் 198 கிடைத்தன. ஒரு புத்தகம் மழையில் நனைந்து செங்கல் மாதிரி ஒட்டிப்போய்விட்டது. பிரித்தால் கிழிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பட்டியல் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துத் தனியாக அனுப்புகிறேன்.

துறைக்கு எழுதும்போது ஓட்டுநர்கள் என்று பொதுவாகப் போடு. என் பெயர் வேண்டாம். எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் வேலை இருக்கிறது. உன் அண்ணியை இன்னொரு தரம் வீடு மாறு என்று சொல்ல என்னால் முடியாது.

அண்ணன்


ஏப்ரல் 28

சுண்டு,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அண்ணியிடம் சொன்னேன். "என் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்காதீங்க" என்றாள்.

பெயரைப் போடு. முதலில் காலியாக விடச் சொன்னது நான் என்றும் போடு. நர்ஸின் பெயர் வேண்டாம், அவள் என்னைக் கேட்டுத்தான் செய்தாள்.

அண்ணன்


மே 12

அண்ணா,

மாதிரிக்குள்ளிருந்து 2871 பதிவுகளையும் வெளியே எடுத்தேன். நீங்கள் இருவரும் எழுதி அனுப்பிய 198-ஐ அவற்றோடு சேர்த்தேன். அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன்.

ஓடி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. திரையைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றேன். எதிர் மாடியில் யாரோ மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு திரும்பிப் பார்த்தேன்.

2.6.

ஒரு கிலோமீட்டருக்கு 1.1 இல்லை, 2.6 நிமிஷம். நான்கு கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல். அதுவும் நனைந்த புத்தகத்தில் இருந்தவை சேராமல்.

இந்தத் தடவை முழுச் சுருக்கத்தையும் அச்சிட்டேன். எத்தனை பயன்பட்டன, எத்தனை விடுபட்டன, எந்த நிலையத்தில் எத்தனை என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். உன் பெயரைப் போட்டேன். என் தவற்றைப் போட்டேன். கோப்புக்குள் தரவு இருந்ததையும் போட்டேன். பதினோரு பக்கம். இன்று காலை நேரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன்.

மருத்துவப் பரிசோதனைக்குப் போகவில்லை. போனால் பொய்யாக இருக்கும் என்று தோன்றியது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்கிட்டீங்களா? சரி, பேசிக்கவாவது செய்யறீங்களே" என்றாள்.

சுண்டு


ஜூன் 5

அண்ணா,

கூட்டம் முடிந்தது. உன்னிடம் டிப்போவிலேயே வாக்குமூலம் வாங்கிவிட்டார்கள் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. உன் நாலு பக்கத்தையும் சத்தமாகப் படித்தார்கள். 3-0047 வந்த இடத்தில் படித்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பெரிய மேஜை, ஒன்பது பேர். துணை இயக்குநர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"தரவை அழிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் எப்படி உங்ககிட்ட இருக்கு?"

"மாதிரிக்குள்ள ஒரு நகல் இருக்கும்னு நான் யோசிக்கல மேடம்."

"நீங்க யோசிக்காத விஷயம் நிறைய இருக்கும் போலிருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருவர், "முதல் கணக்கும் நீங்க போட்டது, ரெண்டாவதும் நீங்க போட்டது. எதை நாங்க நம்புறது?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. ஆனாலும், "என்னை நம்ப வேண்டாம். லாக் புக் பணிமனையில இருக்கு. வேற யாரையாவது வெச்சு எடுக்கச் சொல்லுங்க. எந்த எண்ணுன்னு பட்டியல் கொடுத்திருக்கேன்" என்றேன். அவர் பட்டியலைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

முடிவு இதுதான். அந்த இரண்டு நிலையங்களையும் மூடுவது ஆறு மாதத்துக்கு நிறுத்தம். வேறொரு குழு புதிதாக அளந்து பார்க்கும். மூன்றாம் நிலையம் திரும்ப வராது. கட்டடத்தைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம், அலமாரிகள்கூட வந்து இறங்கிவிட்டன. குவாரிப் பக்கம் மட்டும் பகலில் ஒரு வண்டி நிறுத்துவதைப் பரிசீலிக்கிறார்கள். பரிசீலிப்பது என்றால் என்னவென்று உனக்கே தெரியும்.

எனக்கு வேலை இல்லை. இனிமேல் அந்தத் துறையில் ஒப்பந்தமும் இல்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். என்னை நினைத்து எதுவும் தோன்றவில்லை. உன்னை என்ன செய்தார்கள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. உடனே எழுது.

சுண்டு


ஜூன் 21

சுண்டு,

கவலைப்படாதே, வேலை போகவில்லை. மூன்று மாதத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது. டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து, திரும்பி வருகிற ஓட்டுநர்களிடம் பயணத் தாள் வாங்கிச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். மூடப் பார்த்த அந்த இரண்டு மேட்டு நிலையங்களின் தாள்களும் இங்கேதான் வரும். யார் யோசித்துச் செய்தார்களோ தெரியாது, திருடன் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகிறது. வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் நாற்காலியிலேயே வலது கால் தானாக அழுத்துகிறது. அண்ணி இங்கேயே நாலு பேருக்குத் தையல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். வீடு மாறுகிற பேச்சில்லை.

முதல் நாள் வந்தவர் என்னைவிட மூத்தவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருக்கிறது. தாளை வைத்துவிட்டுத் திரும்பினார். போய்ச் சேர்ந்த நேரம் காலி.

"அண்ணே, இது காலியா இருக்கு."

"எப்பவும் அப்படித்தானேப்பா. எழுதினா மெமோ வரும்."

"எத்தனை ஆச்சு?"

வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாற்பத்து மூணு" என்றார், யாருக்கோ கேட்டுவிடும்போல.

"எழுதுங்க. சரிபார்த்தது நான்னு கீழே கையெழுத்துப் போடுறேன். மெமோ வந்தா என் பேருக்கு அனுப்பச் சொல்லுங்க."

எழுதினார். அன்றைக்கு மூன்று பேர் எழுதினார்கள். மறுநாள் எல்லாரும்.

மெமோ நிஜமாகவே வந்துவிட்டது, இதுவரை ஏழு. எல்லாம் என் பெயருக்கு. மேலதிகாரி கூப்பிட்டு, "மூணுக்கே இடமாற்றம், ஏழு வாங்கியிருக்கே, உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். வெளியே வந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். 'இன்ன தேதி, இன்ன பயணம், இன்ன இடத்துக்கு, நாற்பத்து மூன்று நிமிஷம்' என்று அவர்களே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்புகிறார்கள்.

ஏழையும் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அளக்க வருகிற குழுவிடம் கொடு. இனி வருவதையும் வாரா வாரம் அனுப்புகிறேன்.

அண்ணன்